நகைக்குப் பாலீஷ் போடுகிறோம் என்று வாசலில் வந்து நின்றால்

கேள்வி: ஐயா, நாங்கள் தேனி மாவட்டம் கூடலூர். நானும் கணவரும் விடியற்காலை ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குக் குமுளி ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவோம். எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான், பகலில் இருப்பதெல்லாம் வயசானவர்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அப்பத்தாவிடம் இரண்டு பேர் வந்து குத்துவிளக்கை இலவசமாகத் துலக்கிக் கொடுத்து, கழுத்துச் சங்கிலியையும் கழற்ற வைத்துவிட்டார்கள். நல்ல வேளையாகப் பால்காரர் வர, ஓடிவிட்டார்கள். ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னால் "எனக்குத் தெரியாதா?" என்று கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அப்பத்தா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் காவல்துறையில் 30 வருஷம் இருந்தேன், பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கில்தான். நகையைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பெரியவர்கள் யாரும் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. காடு கழனி, சீட்டு, வட்டி என்று எல்லாக் கணக்கையும் மனசிலேயே போட்டவர்கள். வாசலில் வந்து நிற்கிற மனிதனை "போ" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. அந்த மரியாதையை வைத்துத்தான் திருடன் பிழைக்கிறான். அதனால் "ஏமாந்துடாதீங்க" என்ற அறிவுரை வேண்டாம், அது குத்திக் காட்டுவது போல இருக்கும். மரியாதை கெடாமல் ஆளைத் திருப்பி அனுப்ப ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். அதற்கு வருகிறேன், முதலில் அன்று என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

விளக்கையும் கொலுசையும் பளபளப்பாக்கிக் காட்டுவது நம்பிக்கைக்காக. பித்தளையில் படிந்த கறுப்பைப் போக்க நம் வீட்டுப் புளியே போதும், அதில் வித்தை ஒன்றும் இல்லை. தங்கம் கைக்கு வந்ததும் திரவம் மாறிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கு, நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு சேர்ந்தது ராஜதிராவகம். தனித்தனியாக இருந்தால் இரண்டும் தங்கத்தை ஒன்றும் செய்யாது, சேர்ந்தால் கரைத்துவிடும். சங்கிலி சங்கிலியாகவே திரும்பி வரும், பார்க்கப் புதுசு போலவும் இருக்கும், எடை மட்டும் குறைந்திருக்கும். கரைந்த தங்கம் அவன் டப்பாவில் போய்விடும், பிறகு அதைப் பிரித்து எடுத்துக்கொள்வான். இன்னொரு வகை, சங்கிலியை மஞ்சள் தண்ணீரோடு குக்கரில் போடுவது போல நடித்து மூடி, "அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க" என்று சொல்லிவிட்டுப் போவது. திறந்தால் மஞ்சள் தண்ணீர்தான் இருக்கும்.

அப்பத்தாவின் சங்கிலி அந்தத் திரவத்தில் நனைந்ததா என்று பக்குவமாகக் கேளுங்கள். நனைந்திருந்தால் எடை போட்டு, வாங்கிய ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் விட்டுப்போன திரவம் ஏதாவது இருந்தால் கையால் தொடவும் வேண்டாம், கொட்டவும் வேண்டாம், அப்படியே போலீசிடம் காட்டுங்கள்.

பாலீஷ் என்றால் இப்போது பலருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் இதைவிட நெஞ்சு பதறவைக்கும் வழி ஒன்று இருக்கிறது. மாதாமாதம் வரும் முதியோர் பணத்தை நம்பி இருக்கிற வீட்டுக்கு வந்து, "உங்களுக்குப் பெரிய தொகை வந்திருக்கு, ஃபோட்டோ எடுக்கணும், நகையோடு எடுத்தா வசதியானவங்கன்னு நிறுத்திடுவாங்க, கழற்றிப் பையில வைங்க" என்பார்கள். கழற்றினால் பை போய்விடும். எந்த அரசுத் திட்டத்துக்கும் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள், இதை மட்டும் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். அந்தப் பணத்தைத் தரக் கைரேகை மெஷினோடு வருகிறவர் ஊருக்குத் தெரிந்த தபால்காரராக இருந்தால் சரி, மற்றவரிடம் விரல் வைக்க வேண்டாம். கேஸ் இணைப்பை 5 வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பது உண்மையான நடைமுறைதான், அதனால்தான் அந்தப் பெயரில் பொய்யும் எடுபடுகிறது. வந்தவர் நீட்டும் அட்டையில் உள்ள நம்பருக்குப் பேசாதீர்கள், வீட்டு கேஸ் புத்தகத்தில் உள்ள ஏஜென்சி நம்பருக்குப் பேசிக் கேளுங்கள்.

சரி, வழிக்கு வருவோம். அப்பத்தா சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை: "மகன் தூங்குறான், சாயங்காலம் வாங்க." இதில் யாரையும் விரட்டவில்லை, சந்தேகப்படவும் இல்லை, முக்கியமாக வீட்டில் ஆள் இல்லை என்பதைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையான ஆள் என்றால் சாயங்காலம் வருவான். நீங்கள் வாசலில் நின்று வேற்று ஆள் போல இரண்டு மூன்று முறை பேசிப் பாருங்கள், அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்லட்டும், பழகிவிட்டால் நேரம் வரும்போது வாயில் தானாக வரும்.

அப்புறம் தண்ணீர். தாகம் என்று வந்தவனுக்குத் தண்ணீர் இல்லை என்று நம் ஊரில் யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் சொம்பு எடுக்க உள்ளே திரும்பும் அந்த நேரம்தான் ஆபத்து. திண்ணையில் ஒரு பானையும் டம்ளரும் வைத்துவிடுங்கள், எடுத்துக் குடிக்கட்டும், கதவைத் திறக்க வேலை இல்லை. இரண்டு பேராக வந்தால் ஒருவன் முன்வாசலில் பேச்சுக் கொடுக்க, மற்றவன் புறவாசல் வழியாக நுழைவான், ஆகவே பகலிலும் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கட்டும். தெருவில் பகலில் இருக்கிற பெரியவர்கள் இரண்டு இரண்டு வீடாகச் சேர்ந்து, புது ஆள் யார் வாசலில் நின்றாலும் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து "யாரு வந்திருக்கா?" என்று சத்தமாகக் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அப்பத்தாவைக் காப்பாற்றியது பால்காரர் வந்து நின்றதுதானே.

நடந்துவிட்டால் வேகம்தான் முக்கியம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதை இருக்கிறது, வண்டியில் போகிறவனுக்கு அடுத்த மாநிலம் தூரமே இல்லை. உடனே 100 அல்லது 112. பேசும்போது "தேனி மாவட்டக் கூடலூர்" என்று முழுசாகச் சொல்லுங்கள், நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது, அதுவும் கேரள எல்லைதான். நீங்கள் வேலைக்காகக் குமுளியில் இருந்தால் அங்குள்ள ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும். "இது எங்க எல்லை இல்ல" என்றால் ஜீரோ எஃப்ஐஆர், அதாவது எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை, போடச் சொல்லுங்கள். அதே சட்டப்படி பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் படியேறணுமே என்று பயந்து எத்தனையோ பெரியவர்கள் மூச்சுவிடாமல் இருந்துவிடுகிறார்கள். நகை போனதைவிட மருமகள் என்ன சொல்வாளோ என்ற பயம் அவர்களைத் தின்றுவிடும். என்ன போனாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம் என்று இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் ஆளைக் கட்டி வைத்து அடிக்காதீர்கள், ஃபோட்டோ எடுத்து "திருடன்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பி ஊரே அடித்ததில் இறந்தவர் 65 வயசுப் பெண்மணி. குலதெய்வக் கோவிலுக்கு வந்தவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நம் பக்கம் போர்வை விற்கிறவரும், மலையாளம் பேசிக்கொண்டு வருகிறவரும் நூற்றுக்கணக்கில் வந்து போகிற ஊர். வண்டி நம்பரைக் குறித்து ஸ்டேஷனில் கொடுங்கள், போதும்.

அடுத்த முறை வேலை இல்லாத நாளில், தெருவில் தனியாக இருக்கிற பெரியவர்களின் பெயர், வீட்டு அடையாளம், பிள்ளைகளின் ஃபோன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, ரோந்து வரும் காவலரின் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், தனியாக வசிக்கும் முதியவர்களின் பட்டியலை ஸ்டேஷனில் வைத்திருக்க வேண்டும் என்றே இருக்கிறது, அதனால் தயங்க வேண்டாம். போகும்போது அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த இரண்டு பேரையும் நேரில் பார்த்தவர் அவர்தான், அடையாளத்தை அவரே சொல்லட்டும்.