கடைசி நாள் கடலில் இறங்காதீர்கள்

வெளிநாடு சென்று ஸ்கூபா டைவிங் செய்ய இருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, டைவர்களுக்கான அழுத்த அறைச் சிகிச்சையில் (காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் வைத்துத் தரும் சிகிச்சை) பல ஆண்டுகள் பணியாற்றிய, தானும் ஒரு டைவரான மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கணவரும் நானும் போன வருடம்தான் டைவிங் கற்றுக்கொண்டோம். அடுத்த மாதம் வெளிநாட்டுத் தீவு ஒன்றுக்கு 6 நாள் பயணம். தினமும் இரண்டு டைவ். ஆறாம் நாள் பிற்பகல் 3 மணிக்குக் கடைசி டைவ் முடியும். மறுநாள் காலை 7 மணிக்கு விமானம். "12 மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும்" என்கிறார் பயணத்தை ஏற்பாடு செய்பவர். போதுமா டாக்டர்?
– ஒரு வாசகி

பதில்: போதாது. அந்த ஆறாம் நாள் டைவை விட்டுவிடுங்கள். கட்டிய பணம் திரும்பி வராவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

அவர் சொல்லும் 12 மணி நேரம் பொய்க் கணக்கு அல்ல, ஆனால் உங்களுக்கான கணக்கும் அல்ல. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாட்களோ இறங்கியவருக்குக் குறைந்தது 18 மணி நேரம். உங்கள் இடைவெளியை எண்ணிப் பாருங்கள், 16 மணி நேரம்தான் வருகிறது. என்னைக் கேட்டால் 18 என்பதையும் நான் கீழ் எல்லையாகத்தான் பார்ப்பேன். எனக்கும் என் நோயாளிகளுக்கும் நான் வைத்திருக்கும் கணக்கு 24 மணி நேரம்.

காரணத்தைச் சொல்கிறேன். 20 மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் இருக்கும் அழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில், தசையில், கொழுப்பில் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்ததும் அது நுரையீரல் வழியே வெளியேறும், ஆனால் நிதானமாக. அடுத்தடுத்த நாள் இறங்கும்போது பழைய பாக்கியோடு புதுக் கடனும் சேர்கிறது. விமானக் கேபினில் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அளவுக்குத்தான் காற்றழுத்தம் இருக்கும். பாக்கி தீராமல் அங்கே போய் உட்கார்ந்தால், கரைந்திருந்த நைட்ரஜன் உடலுக்குள்ளேயே குமிழியாகிறது. டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்று சொல்வது இதைத்தான். டைவ் முடித்த மாலையே மலைப்பாதையில் கார் ஏறுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

என்னிடம் வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நாற்பது வயதிருக்கும், நல்ல திடகாத்திரமான ஆள். நான்கு நாள் டைவ் செய்திருக்கிறார். கடைசி நாள் மாலை இடது முழங்கையில் வலி. சிலிண்டர் தூக்கியதால் என்று நினைத்தார். மறுநாள் விடியற்காலை விரல்கள் மரத்திருந்தன. கையை மடித்துப் படுத்ததால் என்று நினைத்தார். விமானத்தில் கால்கள் கனத்தன. நெடுநேரம் உட்கார்ந்ததால் என்று நினைத்தார். வீட்டுக்கு வந்து, சிறுநீர் பிரியவில்லை என்ற பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். குமிழிகள் தண்டுவடத்தைத் தாக்கியிருந்தன. எங்களிடம் வந்து சேர்ந்தபோது மூன்று நாள் ஆகிவிட்டது. பல முறை அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை கொடுத்தோம். நடந்துதான் வீட்டுக்குப் போனார், ஆனால் பழைய நடை இல்லை. முதல் வலியிலேயே அவருக்கு ஆக்சிஜன் கொடுத்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். படகில் ஆக்சிஜன் இருந்ததாம்.

பயணத்தில் இதுதான் பெரிய ஆபத்து. எந்த உபாதைக்கும் ஒரு சாதாரணக் காரணம் கையருகே இருக்கும்: தூக்கமின்மை, வெயில், படகு ஆட்டம், வயிற்றுப்போக்கு. 1870களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில், அழுத்தம் கூட்டிய காற்றறைகளில் வேலை செய்தவர்களுக்கும் கீழே இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வேலை முடித்து மேலே வந்த பிறகுதான் வலி பிடித்தது. தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இப்படி முடங்கிப் போனார். மீதிப் பாலம் அவர் மனைவி எமிலியின் மேற்பார்வையில் எழுந்தது.

ஆகவே டைவ் முடித்த 24 மணி நேரத்துக்குள் மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் வலைபோன்ற சிவப்புத் திட்டு, தலைச்சுற்றல், காரணமில்லாத கடும் அசதி, எது வந்தாலும் பெண்ட்ஸ் இல்லை என்று ஒரு மருத்துவர் சொல்லும்வரை அது பெண்ட்ஸ்தான். படுக்க வைத்து, முகமூடி மூலம் 100 சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். ஆக்சிஜனில் வலி போய்விட்டாலும் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும். 'திரும்பத் தண்ணீரில் இறங்கினால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிய சிகிச்சை அழுத்த அறையில்தான். வழக்கமான முறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, ஆக்சிஜன் சுவாசிக்க வைத்து, படிப்படியாக அழுத்தத்தைக் குறைப்பார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

ஏற்பாடு செய்பவரிடம் இன்றே இரண்டு கேள்வி கேளுங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? மிக அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, போய்ச்சேர எத்தனை மணி நேரம் ஆகும்? பயணக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். பல காப்பீடுகளில் டைவிங் விலக்கப்பட்டிருக்கும். அழுத்த அறைச் செலவும், அங்கே கொண்டுசேர்க்கும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஆறாம் நாளைக் கரையில் கழியுங்கள், மலைக்கு மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: நான் போகும் நாட்டில் மலேரியா உண்டு. வாரம் ஒன்று போட்டால் போதும் என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். டைவிங் போவதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர்

பதில்: கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் தாமதமில்லை, பெட்டியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். 'மெஃப்ளோகுவின்' என்றிருந்தால் உடனே அந்த மருத்துவரிடம் திரும்பப் போங்கள். தலைச்சுற்றல், தள்ளாட்டம், பதற்றம், கெட்ட கனவு எல்லாம் அந்த மருந்தின் பக்கவிளைவுகளில் உண்டு. தலைச்சுற்றல் நிரந்தரமாகவே தங்கிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை சேர்த்தது. கரையில் இருப்பவருக்கே இது கஷ்டம். 20 மீட்டர் ஆழத்தில் பதற்றம் வந்தால் டைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வார், நுரையீரல் கிழியும். பத்திரமாக மேலே வந்துவிட்டாலும், அந்தத் தலைச்சுற்றல் மருந்தாலா பெண்ட்ஸாலா என்று எங்களைப் போன்றவர்களுக்கே பிரித்துச் சொல்வது கடினம்.

மாற்று மருந்துகள் உண்டு. டாக்ஸிசைக்ளின் தினமும் போட வேண்டியது. வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும் என்பதால் படகில் முழுக்கைச் சட்டை அவசியம். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அடோவகுவோன்-புரோகுவானில் இன்னொன்று, அதுவும் தினசரி மாத்திரைதான். எது பொருந்தும் என்பது நாட்டையும் உங்கள் உடலையும் பொறுத்தது, மருத்துவரே முடிவு செய்யட்டும். எதுவானாலும் புறப்படும் முன்பே தொடங்குங்கள். புது மருந்தின் குணம் கரையில் தெரிய வேண்டும், கடலடியில் அல்ல. திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பயணத்துக்கு முந்தின நாள் எனக்குச் சளி பிடிப்பது வழக்கம். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கலாமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: வேண்டாம் அம்மா. மாத்திரையின் பலத்தில் கீழே போய்விடுவாய். நீருக்கடியில் அதன் வேகம் குறைந்துவிட்டால் அடைப்பு திரும்பும், மேலே வரும்போது காதுக்குள் விரியும் காற்றுக்கு வழி இருக்காது. காதுக்குச் சிரமம் அதிகம் முதல் 10 மீட்டரில்தான், அதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. மூக்கைப் பிடித்து ஊதியும் காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மெதுவாக முயன்று பார். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைய டைவ் முடிந்தது. பலம் கொண்டமட்டும் ஊதினால் உள்காது கிழிந்து கேட்கும் திறனே போய்விடலாம்.

எனக்கு 27 வயதில், சளியோடு இறங்கிச் செவிப்பறை கிழிந்தது. "ஒரு மாத்திரை போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று படகில் ஒருவர் சொன்னார், மருத்துவம் படித்த நானும் கேட்டேன். குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகுந்ததும் உலகமே சுழன்றது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. கூட வந்த தோழி என் தோளைப் பிடித்து, சுழற்சி அடங்கும்வரை கண்ணுக்கு நேரே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் இல்லையென்றால் நான் இதை எழுத மாட்டேன்.

கேள்வி: வயது 54. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டுப்பாட்டில் இருக்கிறது. டைவிங் மருத்துவப் படிவத்தில் எதற்கும் 'ஆம்' போடாதே, அனுமதிக்க மாட்டார்கள் என்கிறான் நண்பன்.
– ஒரு வாசகர்

பதில்: நண்பர் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், ஆனால் தவறாகச் சொல்கிறார். டைவிங்கில் நேரும் மரணங்களில் பெண்ட்ஸைவிட இதயம் அதிகம் கணக்கில் வருகிறது. நீரில் மூழ்கியதும் கால்களிலுள்ள இரத்தம் மார்புக்கு ஏறுகிறது, இதயத்துக்குச் சுமை கூடுகிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ள சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். நீருக்குள் காரணமின்றி மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ, துணைக்குச் சைகை காட்டி, வழக்கமான வேகத்தில் மேலேறி, கரைக்கு வந்துவிடுங்கள்.

'ஆம்' என்று போட்டாலே கதவு மூடிவிடாது, மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும் என்றுதான் அதற்குப் பொருள். படிவத்தைப் படகில் அவசரமாக நிரப்பாமல் இப்போதே வரவழையுங்கள். உண்மையை எழுதி, மாத்திரைச் சீட்டோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். இரண்டு மாடி ஏறினால் எப்படி மூச்சு வாங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.