ஊரடங்கில் வீட்டுக்குள் அடி: வெளியே போகாமலே சட்டத்தை எட்டுவது எப்படி?

கேள்வி: 2020 ஊரடங்கில் என் தங்கை கணவரிடம் அடி வாங்கிக்கொண்டே கிடந்தாள். ஸ்டேஷனுக்குப் போக பஸ் இல்லை, போனும் அவர் கையில். மறுபடி ஒரு தொற்றுநோய் வந்து ஊரை அடைத்தால் என்ன செய்வது?

பதில்: ஊரடங்கு உத்தரவு, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை நிறுத்திவைப்பதில்லை. தங்கையே நேரில் போக வேண்டும் என்பதும் இல்லை. பிரிவு 4-ன்படி நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. தமிழ்நாட்டில் இந்த அலுவலர் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருப்பார். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைத்தும் கேட்கலாம். அந்த நேரத்தில் அடி விழுந்துகொண்டிருந்தால் முதலில் அவசர உதவி எண் 112.

பலருக்கும் தெரியாதது இந்தச் சட்டத்துக்கான 2006 விதிகளில் உள்ள 9ஆவது விதி. போனிலோ மின்னஞ்சலிலோ நம்பகமான அவசரத் தகவல் வந்தாலே, அலுவலர் போலீஸை அழைத்துக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போய், குடும்ப வன்முறை அறிக்கையைப் பதிவு செய்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டிடம் தர வேண்டும். "ஊரடங்கு முடியட்டும், பார்க்கலாம்" என்று பதில் வந்தால் இந்த விதியின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். தகவலை மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். அனுப்பிய தேதி, நேரம் பிறகு சாட்சியாக நிற்கும்.

வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது அறிக்கையில்தான். "அடிக்கடி அடிப்பார்" என்ற வரி கோர்ட்டில் நிற்காது. எந்தத் தேதி, எதைக் கொண்டு அடித்தார், உடம்பில் எங்கே காயம், யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும். காயத்தை முகமும் தெரியும்படி ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டு அவள் போனிலிருந்து அழித்துவிடட்டும். அடி மட்டுமே வன்முறை என்று நினைத்து மற்றதை விட்டுவிடாதீர்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் தராதது, கேவலமாகப் பேசுவது எல்லாமே பிரிவு 3-க்குள் வரும்.

மாஜிஸ்திரேட்டிடம் நிவாரணம் கேட்டுப் போடும் பிரிவு 12 மனுவோடு பிரிவு 23-ன் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்டு, பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு வரும்வரை காத்திருக்க நேரும். மேலோட்டமாகவே வன்முறை தெரிந்தால், கணவர் தரப்பைக் கேட்காமலே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஊரடங்கில் கோர்ட்டுகள் அவசர வழக்குகளுக்கே முன்னுரிமை தந்தன என்பதால் இது இன்னும் முக்கியம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும் என்கிறது சட்டம். வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

தங்கை அம்மா வீட்டுக்கு வந்து ஊரடங்கில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மனு போடலாம்; தற்காலிகமாகத் தங்கும் இடத்துக்கும் அதிகாரம் தருகிறது பிரிவு 27. வீட்டிலேயே இருக்க விரும்பினால், வீடு யார் பெயரில் இருந்தாலும் கூட்டாக வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. கணவரை வெளியேறச் சொல்லவும் பிரிவு 19-ல் கேட்கலாம். மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது.

உத்தரவு வந்ததும் அதன் நகல் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். நகலுக்குக் கட்டணம் இல்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 1 ஆண்டு வரை சிறை, ரூ.20,000 வரை அபராதம் அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். மீறிய அன்றைக்கே ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள், பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசக் காத்திருக்க வேண்டாம்.