நடுவானில் விமானம் குலுங்கினால் விழுந்துவிடுமா?

கேள்வி: நீண்ட தூர விமானப் பயணத்தில் டர்புலன்ஸ் வந்தால் உயிரே போய்விடும்போல இருக்கிறது. இது உண்மையிலேயே ஆபத்தா, வெறும் பயமா?

விமானம் விழாது. பெல்ட் போடாமல் இருந்தால் நீங்கள் விழலாம், முதலில் மேலே, அப்புறம் கீழே.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்க்யூ 321 பலருக்கு நினைவிருக்கும். மியான்மரில் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே 37,000 அடியில் போய்க்கொண்டிருந்தபோது பலமாகக் குலுங்கி, பாங்காக்கில் அவசரமாக இறக்கினார்கள். 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், நிறைய பேருக்குத் தலையிலும் முதுகுத்தண்டிலும் அடி. 'விமானம் 6,000 அடி கீழே பாய்ந்தது' என்று அன்றைக்கு எல்லா இடத்திலும் செய்தி. பிறகு சிங்கப்பூர் விசாரணைக் குழு வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையைப் பார்த்தால், விமானம் உண்மையில் இறங்கியது 178 அடிதான், 4.6 வினாடியில். அந்த 6,000 அடி, சம்பவம் நடந்து சுமார் 17 நிமிடம் கழித்து விமானிகள் பாங்காக் போக முடிவெடுத்து நிதானமாக இறக்கியது.

வெறும் 178 அடிக்கா இவ்வளவு அடி என்று கேட்பீர்கள். இங்கே உயரத்தைவிட வேகம் மாறிய விதம்தான் முக்கியம். உடம்பு உணரும் எடையை 'ஜி' என்ற அளவில் சொல்வார்கள், தரையில் நிற்கும்போது அது 1 ஜி. அந்த விமானத்தில் அது 1.35-லிருந்து மைனஸ் 1.5-க்கு 0.6 வினாடியில் மாறியது, அதாவது ஒரு கல்லைக் கீழே போட்டால் விழுவதைவிட விரைவாக விமானத்தின் தரை கீழே போயிருக்கிறது, பெல்ட் போட்டவர் அதோடு சேர்ந்து போனார், போடாதவர் அந்தரத்தில் நின்று கூரையில் மோதினார். அடுத்த நான்கு வினாடிக்குள் ஜி திரும்ப பிளஸ் 1.5 ஆனது, மேலே போனவர்கள் அத்தனை பேரும் கீழே வந்து விழுந்தார்கள். இது ஆரம்பித்தபோது, பெல்ட் விளக்கு போட்டதாக விமானி சொல்லி எட்டு வினாடிதான் ஆகியிருந்தது. விளக்கு எரிந்த பிறகு பெல்ட்டைத் தேடுகிறவர்களுக்கு அது போதாது.

அந்த விமானம் போயிங் 777. 1995 ஜனவரியில் அந்த மாடலின் இறக்கையை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தார்கள், நுனி 24 அடி மேலே வளைந்து, பறக்கும்போது அதிகபட்சம் வரலாம் என்று கணக்குப் போட்ட சுமையின் 154 சதவீதத்தில்தான் உடைந்தது. ஜன்னல் வழியாக இறக்கை ஆடுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம், அது ஆட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். விமானம் உடைந்ததே இல்லையா என்றால், உண்டு: 1966-இல் ஜப்பானின் பூஜி மலைக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 707 நொறுங்கி 124 பேரும் இறந்தார்கள். மலையில் மோதிய காற்று, பாறையைத் தாண்டிய ஆற்றுநீர் மாதிரி மறுபக்கம் சுருண்டு புரண்டதுதான் காரணம். பலமான காற்று வீசும் நாளில் மலைக்குப் பக்கத்தில் போகாமல் இருக்க விமானிகள் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

நீண்ட தூரப் பயணத்தில் நாம் அதிகம் சந்திப்பது இரண்டு வகை. ஒன்று, பூமத்திய ரேகைப் பக்கம் எழும் இடிமேகம், சென்னை - சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வங்கக் கடலுக்கு மேலே இது பழகிப்போயிருக்கும். ரேடாருக்கு மழைத்துளி தெரியும் என்பதால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொன்றுதான் மோசம், மேகமே இல்லாத நீல வானத்தில் வருவது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 200 கி.மீ.க்கு மேலேகூட வீசும் ஜெட் காற்று ஒன்று இருக்கிறது (லண்டன் போவதைவிடத் திரும்பி வர நேரம் குறைவாக ஆவதும் இதனால்தான்), அதன் ஓரங்களில் வேகம் திடீரென்று மாறும் இடத்தில் காற்று கலங்கும். அங்கே துளியே இல்லை, ரேடாரில் ஒன்றும் தெரியாது, முன்னால் போன விமானம் சொன்னால்தான் உண்டு. வட அட்லாண்டிக்கில் இந்த வகையின் கடுமையான குலுக்கல் 1979-லிருந்து 2020-க்குள் 55 சதவீதம் கூடியிருப்பதாக பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகம் 2023-இல் சொன்னது, பூமி சூடாவதும் ஒரு காரணம்.

குலுங்க ஆரம்பித்ததும் இன்ஜின் சத்தம் குறைந்தால் 'நின்றுபோச்சு' என்று பக்கத்து சீட்டுக்காரர் கையைப் பிடிக்காதீர்கள். குலுக்கலுக்கு ஏற்ற வேகத்துக்கு விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். எனக்கு வயிறு இன்னும் புரளத்தான் செய்கிறது, காரணம் தெரிந்தாலும் வயிறு கேட்காது போல, ஆனால் மனசு கேட்கிறது.

இறக்கைக்குப் பக்கத்து சீட் எடுங்கள், வால் பக்கம்தான் அதிகம் ஆடும். தூங்கும்போது போர்வைக்கு மேலே பெல்ட் போடுங்கள், அப்போது பணிப்பெண் எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்காது. கழிவறையில் இருக்கும்போது ஆரம்பித்தால் சீட்டுக்கு ஓட வேண்டாம், உள்ளேயே கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிடுங்கள். நடைவழியில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் காலியாக இருக்கும் எந்த சீட்டானாலும் சரி, உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.