வாசகர் கேள்வி: அயல்மொழி வகுப்பறையில் முதல் ஆண்டு

அயல்நாட்டு மறைப்பணி (மிஷன்) பள்ளிகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்குக் கற்பித்து ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவர் இம்மாதக் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: தாய்நாட்டில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். என் துறவற சபை அனுப்பியதன்பேரில் அயல்நாட்டுப் பள்ளிக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. பாடம் தெரியும், மொழிதான் வசப்படவில்லை. வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மாலைச் செபத்தில்கூட மனம் மறுநாள் வகுப்பையே சுற்றி வருகிறது. என்னைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி எங்கள் சபையின் மாநிலத் தலைவிக்கு எழுதலாமா?

பதில்: அன்புச் சகோதரி, எழுதுங்கள். ஆனால் திரும்ப அழைக்கும்படி அல்ல, மொழி கற்க நேரம் ஒதுக்கும்படி எழுதுங்கள். அது சலுகை கேட்பதாகாது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுக்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட மறைப்பணி ஆணையே, மறைப்பணியாளர்கள் தாம் செல்லும் மக்களின் மொழியைச் சரளமாகவும் செம்மையாகவும் கையாளும் அளவுக்குக் கற்க வேண்டும் என்கிறது. ஆசிரியை இல்லாத வகுப்பு காத்திருக்கிறது என்பதற்காக, விமானத்திலிருந்து இறங்கிய வாரத்திலேயே ஒரு சகோதரியைக் கரும்பலகைக்கு முன் நிறுத்திவிடுவதைப் பல இல்லங்களில் பார்த்திருக்கிறேன். அதில் தவறு அந்தச் சகோதரியுடையது அன்று என்பதே என் கருத்து.

ஒன்பது ஆண்டுகள் நல்ல ஆசிரியையாக இருந்ததுதான் இப்போது உங்களைக் கூடுதலாக வருத்துகிறது. புதிதாக வேலைக்கு வந்தவளுக்கு இழக்கப் பெயர் எதுவும் இல்லை; உங்களுக்கு உண்டு. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் பருவத்தில் ஒருநாள், ஏழிலிருந்து மூன்றைக் கழிக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, 'ஏழிலிருந்து மூன்று ஓடிப்போனால்' என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து, என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, பலகையின் மூலையில் சரியான சொல்லை எழுதிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சொல்லை அன்று மாலைவரை நான் அழிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி ஐந்து நிமிடம் நான் மாணவி. ஒரு பிள்ளை எனக்கு ஐந்து சொற்களைக் கற்பிக்கும். மறுநாள் என் குறிப்பேட்டை வாங்கிச் சிவப்பு மையால் திருத்தும். பத்துக்கு மூன்று மதிப்பெண் வாங்கிய நாள்களும் உண்டு. சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாக இல்லாமல், என்னோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பாக மாறியது. இலக்கண நூலை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு விரைவில் தேறியிருக்க மாட்டேன்.

கணக்கு ஆசிரியைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கு எல்லா நாட்டுக்கும் பொதுமொழி என்பதைப் பாதியளவே நம்புங்கள். பல நாடுகளில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி இடுகிறார்கள். ஒன்று என்னும் எண்ணுக்கு மேலிருந்து நீண்ட சாய்கோடு போட்டு எழுதும் வழக்கமும், அதனோடு குழம்பாமலிருக்க ஏழின் நடுவே குறுக்குக்கோடு இழுக்கும் வழக்கமும் உண்டு. நெடுவகுத்தலில் வகுஎண்ணும் ஈவும் நிற்கும் இடங்கள்கூட நாட்டுக்கு நாடு மாறும். பிள்ளைக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டுமுன், முந்தைய வகுப்பில் அவர்கள் எழுதிய பழைய குறிப்பேடுகளை வாங்கி ஒரு மாலை முழுவதும் புரட்டிப் பாருங்கள்.

மொழி முழுமையாக வராமலே போய்விடுமோ என்னும் அச்சத்துக்கு இருவரை நினைவூட்டுகிறேன். 1639-இல் கியூபெக் போய்ச் சேர்ந்த உர்சுலா சபையின் புனித மரியா, நாற்பதை நெருங்கும் வயதில் அங்குள்ள பூர்வகுடிகளின் மொழிகளைக் கற்று, அவற்றில் அகராதியும் மறைக்கல்வி நூலும் எழுதும் அளவுக்குத் தேறினார். 1818-இல் பிரான்சிலிருந்து அமெரிக்கா சென்ற புனித ரோஸ் பிலிப்பின் துஷேனோ பள்ளிகளைத் தொடங்கி நடத்தியும் ஆங்கிலத்தோடு கடைசிவரை மல்லுக்கட்டினார். எழுபது வயதைக் கடந்த பின் அமெரிக்கப் பூர்வகுடிகளான பொட்டவாட்டமி மக்களிடையே வாழச் சென்றபோது அவர்கள் மொழி அவருக்கு வரவே இல்லை. எப்போதும் செபிக்கும் பெண் என்றே அம்மக்கள் அவரை அழைத்தார்கள். திருச்சபை இருவரையும் புனிதராக ஏற்றிருக்கிறது.

கேள்வி: என் தங்கை அயல்நாட்டில் ஆசிரியப் பணி செய்யும் அருட்சகோதரி. அவளுக்கு நல்ல ஊதியம் என்று கேள்விப்படுகிறோம். வீட்டுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை. கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். இது நியாயமா?

பதில்: உங்கள் தங்கை மறைக்கவில்லை, ஐயா, அந்தப் பணம் அவருடையதே அன்று. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ஆம் சட்டப்படி, துறவி தம் உழைப்பால் ஈட்டுவது சபையைச் சேரும். ஓய்வூதியமும் பொதுவாக அப்படியே. அவர் கையில் இருப்பது செலவுக்கென இல்லத்தில் கொடுப்பது மட்டுமே, அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். பெற்றோரின் மருத்துவம் போன்ற உண்மையான தேவை இருந்தால், தங்கையைச் சங்கடப்படுத்தாமல், நேரே மாநிலத் தலைவிக்குக் கடிதம் எழுதுங்கள். முடிந்ததைச் செய்வார்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்வார்கள். பேச்சை மாற்றியது தவறுதான்; முதலிலேயே இதை வீட்டாருக்கு விளக்கியிருக்கலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி, கிறிஸ்தவள் அல்லள். கணக்கும் அறிவியலும் கற்பிக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கு மறைப்பணி என்று ஏன் பெயர்? மதம் மாற்றுவதற்குப் பள்ளி ஒரு வழியா?

பதில்: ஒளிவுமறைவின்றிக் கேட்டமைக்கு நன்றி, மகளே. மறைப்பணிக்கு நற்செய்தி அறிவிப்பும் ஒரு நோக்கம் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நான் மேலே சொன்ன அதே 1965 ஆணை, எவரையும் நம்பிக்கைக்குள் வரும்படி வற்புறுத்துவதையும் தகாத வழிகளில் ஈர்ப்பதையும் கண்டிப்பாகத் தடைசெய்கிறது. மனச்சான்றுக்கு எதிராக எவரையும் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமையில்லை என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 748-ஆம் சட்டமும் சொல்கிறது. மதிப்பெண்ணையோ கட்டணச் சலுகையையோ காட்டி ஒரு பிள்ளையைக் கோயிலுக்கு இழுப்பவர் எங்கள் சட்டத்தையே மீறுகிறார். அப்படி ஒருவரும் செய்ததில்லை என்று நான் சாதிக்க மாட்டேன்.

பெயரைப் பொறுத்தவரை, எங்களுக்கு அனுப்பப்படுதல்தான் முதன்மை; எங்கே போகிறோம், என்ன வேலை செய்கிறோம் என்பது அடுத்ததே. ஒன்பது ஆண்டுகள் மடத்துக்குள்ளேயே வாழ்ந்து இருபத்து நான்கு வயதில் இறந்த லிசியே நகரின் புனித தெரேசாவை, எந்த மறைப்பணி நாட்டுக்கும் போகாதவரை, 1927-இல் மறைப்பணிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை அறிவித்தார். நான் கற்பித்த இருபத்திரண்டு ஆண்டுகளில் என் வகுப்பில் பெரும்பாலோர் வேற்றுச் சமயத்தவர். வகுத்தல் தெரியாமல் வந்தவர்கள் வகுத்தல் தெரிந்து போனார்கள். அவர்களில் எவரும் என் பாடத்தால் சமயம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. அதையும் மறைப்பணி என்றே சபைக்கு அறிக்கை அனுப்பினேன், சபையும் ஏற்றுக்கொண்டது.