எகிப்தியப் புராணத்தை வைத்து டெத் மெட்டல் ஆல்பம் என்கிறார்களே, அதில் கத்தலைத் தவிர என்ன இருக்கிறது?

நண்பர் யாரோ அனுப்பிய லிங்கைத் திறந்து, அரை நிமிடம் கேட்டுவிட்டு மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் முதல் பாட்டாகத்தான் இருந்திருக்கும். பழக்கமில்லாத காதுக்கு அது தாங்காது, அதில் தப்பே இல்லை. ஆனால் "கத்தலைத் தவிர" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டில், ஆபீஸில், கல்யாண மண்டபத்தில் என்று இதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு விட்டுப் போயிருக்கிறது.

நீங்கள் கேட்பது நைல் இசைக்குழுவைப் பற்றி என்றே எடுத்துக்கொள்கிறேன். டெத் மெட்டல் என்பது உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் சேர்ந்த ஒரு ராக் இசை வகை. அமெரிக்காவின் சவுத் கரோலைனா மாநிலத்தில், கிரீன்வில் ஊரில் 1993-இல் தொடங்கிய குழு அது. கிட்டார் வாசித்துப் பாடும் கார்ல் சாண்டர்ஸ்தான் அதற்கு ஆணிவேர். ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் அவர் மட்டும் மாறவில்லை. அவர்களுடைய மூன்றாவது ஆல்பமான 'இன் தேர் டார்க்கன்டு ஷ்ரைன்ஸ்' 2002-இல் வந்தது. எனக்குத் தெரிந்தது அதுதான், அதைப் பற்றியே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எகிப்தியவியல் படித்தவன் இல்லை, இசை விமர்சகனும் இல்லை. சாமி கும்பிடுகிறவன்தான். சாத்தான் வழிபாடு, இளைஞர்களைக் கெடுக்கும் இசை என்று கமெண்டில் எழுத நினைப்பவர்கள் ஒரு தடவை பாடல் வரிகளைப் படித்துவிட்டு வந்து எழுதட்டும். ரா, ஓசிரிஸ், ஹோரஸ் என்று நாலாயிரம் வருடத்துக்கு முன் ஒரு தேசமே கும்பிட்ட தெய்வங்களின் உலகம் அது. அதில் கோரம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தக் கோரம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த ஆல்பத்தின் சிடியை வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சீனியர் எனக்குக் கொடுத்தார். அப்போது என் பெரியப்பா எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். பாட்டுச் சத்தம் கேட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். ஒரு நாள் மேஜையில் கிடந்த சிடி புத்தகத்தை எடுத்துப் புரட்டியிருக்கிறார். நான் வந்து பார்த்தபோது பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அந்தப் பொடி எழுத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "இந்தக் குறிப்பெல்லாம் யாருடா எழுதினது?" என்றார். கிட்டார் வாசிக்கிறவர்தான் எழுதியிருக்கிறார் என்றேன். அவரால் நம்பவே முடியவில்லை. பாட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய நூல் எது, சடங்கு எது என்று கார்ல் சாண்டர்ஸ் உட்கார்ந்து விளக்கம் எழுதுகிறவர்.

இரண்டாவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எகிப்தில் பகை அரசர்களின் பெயர்களை மண்பானையில் சிவப்பு மையால் எழுதி, சாபம் சொல்லி, பானையை உடைத்துப் புதைப்பார்கள். எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவில் மிர்கிஸ்ஸா கோட்டைக்கு அருகில் அப்படி உடைத்துப் புதைத்தவை தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. பாட்டு அந்தச் சாபத்தைப் பற்றியது. பெரியப்பா இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். ஏவல் வைப்பது மாதிரி என்று சொன்னால் பையன்கள் கண் இமைக்காமல் கேட்பார்களாம்.

அப்புறம் அவராகவே, "அந்த உனாஸ் பாட்டைப் போடு" என்றார். ஐந்தாவது பாட்டு, கிட்டத்தட்ட 12 நிமிடம். உனாஸ் ஐந்தாம் அரச மரபின் கடைசி மன்னன், காலம் கி.மு. 2350-ஐ ஒட்டியது. சக்காராவில் இருக்கும் அவனுடைய பிரமிடு உயரத்தில் சின்னதுதான், கட்டியபோது 43 மீட்டர். கீசாவின் பெரிய பிரமிடு 146 மீட்டர். ஆனால் உள்ளே சுவர் முழுக்க மந்திரம் செதுக்கிய முதல் பிரமிடு இதுதான். 1881-இல் பிரெஞ்சு எகிப்தியவியல் அறிஞர் காஸ்டன் மாஸ்பெரோ உள்ளே போனபோது, மேலே கூரையில் நட்சத்திரங்கள், சுவரில் நெட்டுக்கு நெட்டு எழுத்து வரிசைகள், எழுத்தின் குழிகளில் நீல வண்ணம். சவப்பெட்டி அறைக்கு முந்தைய அறையில், கிழக்குச் சுவரின் முக்கோண உச்சியில்தான் அந்தப் பாடல் இருக்கிறது. அறிஞர்கள் அதை நரமாமிசப் பாடல் என்று குறிப்பிடுகிறார்கள்.

பெரியப்பா அதைத் தமிழில் எனக்குச் சொன்னார். வானம் மூடிக்கொள்கிறது, நட்சத்திரம் இருண்டுபோகிறது, பூமியின் எலும்புகள் நடுங்குகின்றன. இறந்த மன்னன் எழுந்து வருகிறான். கொன்சு என்ற தெய்வம் அவனுக்காகக் கடவுள்களின் கழுத்தை அறுக்கிறது, ஷெஸ்மு என்ற இன்னொரு தெய்வம் வெட்டிச் சமைக்கிறது. பெரிய கடவுள்கள் காலைச் சாப்பாட்டுக்கு, நடுத்தரமானவர்கள் மாலைக்கு, சிறியவர்கள் இரவுக்கு. கிழடு தட்டியவர்கள் அடுப்புக்கு. அவர்களுடைய மந்திர சக்தியைத் தின்று உனாஸ் சாகாதவன் ஆகிறான். காளையைப் பலியிடும் சடங்கோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. உண்மையிலேயே மனிதனைத் தின்றார்கள் என்பதற்கு இதை ஆதாரமாக யாரும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பாட்டு முழுவதையும் அவர் நெற்றியில் கை வைத்தபடி கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "குரல் எனக்கு ஆகலடா. ஆனா இதை மெல்லிசா பாடினா பொய்யாப் போயிடும்."

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். உனாஸ் சுவரில் இருப்பது ஓதுவதற்கான வாசகம். சடங்கில் பூசாரியின் குரலில் ஒலித்தது. கடவுளையே தின்கிற ஒருவனைப் பற்றி இனிமையான குரலில் எப்படிப் பாடுவது? சாண்டர்ஸ், டல்லாஸ் டோலர்-வேட், ஜான் வெசானோ என்று மூன்று பேர் குரல் கொடுக்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல் ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே இன்னொன்று. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கும்போது தனி மனிதன் பாடுகிற உணர்வே போய்விடுகிறது. கிட்டாரின் சுருதியை வெகுவாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். டோனி லாரியானோவின் டிரம்ஸ் எப்போதும் தலைதெறிக்க ஓடுவதில்லை. இந்தப் பாட்டில் கனமாக நடக்க வேண்டிய இடத்தில் நடக்கிறது, வெட்டிச் சமைக்கும் இடத்தில் பாய்கிறது.

கர்நாடக சங்கீதம் பழகியவராக இருந்தால் இன்னொன்றும் காதில் படும். அவர்கள் அடிக்கடி தொடுகிற ஸ்வர வரிசை நமக்கு அந்நியம் இல்லை. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் ஒரு பெரிய தாவல், வகுளாபரணத்திலும் மாயாமாளவகௌளையிலும் இருப்பது போல. ராகம் பாடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, கமகம் எங்கே என்று சண்டைக்கு வராதீர்கள். ஸ்வர இடைவெளியை மட்டும்தான் சொல்கிறேன். பழைய எகிப்தியர்கள் இப்படித்தான் இசைத்தார்கள் என்றும் அர்த்தமில்லை. அவர்களுடைய இசைக்கு எழுதிவைத்த குறிப்பு எதுவும் நம் கைக்கு வரவில்லை. யாழும் கிலுகிலுப்பையும் சித்திரத்தில் இருக்கின்றன, மெட்டு இல்லை. ஆல்பத்தில் கேட்பது அரபு, துருக்கி இசையிலிருந்து பின்னால் வந்த சாயல். எகிப்து ஆர்வலர்கள் சிலர் இதைப் பெரிய குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை, வரிகளில் காட்டிய கவனமே போதும்.

பெரியப்பாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. அவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வரலாறு பீரியடைத் தூக்கிக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துவிடுவார்கள். ரிசல்ட் வர வேண்டுமாம். "சோசியல் அவங்களே படிச்சுக்குவாங்க சார்" என்பார்களாம். அதன் பலனை இப்போது பார்க்கிறோம். பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசி என்ற வீடியோவை எங்கள் குடும்ப குரூப்பில் பட்டம் வாங்கியவர்களே அனுப்புகிறார்கள். 2013-இல் செங்கடல் ஓரத்தில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், மெரெர் என்ற கண்காணிப்பாளரின் நாட்குறிப்பு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருளாகவே கிடைத்தது. துராவில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு, நாள்வாரியாக அதில் இருக்கிறது. வேலை செய்த மனிதர்கள் தாங்களே எழுதிவைத்த கணக்கு கையில் இருக்கும்போது விண்கலக் கதை எதற்கு? ஒரு மெட்டல் கிட்டார் கலைஞர் தன் பாட்டுக்கு ஆதாரம் எது என்று எழுதிவைக்கிறார். அந்தப் பொறுப்பு வீடியோ போடுகிறவர்களுக்கு இல்லை.

சரி, நீங்கள் கேட்க நினைத்தால் முதல் பாட்டில் தொடங்காதீர்கள். போன் ஸ்பீக்கரும் வேண்டாம், அதில் டிரம்ஸின் அடி ஓசை செத்துவிடும், மிஞ்சுவது இரைச்சல்தான். நல்ல ஹெட்போனில் முதலில் மூன்றாவது பாட்டு 'சர்கோஃபகஸ்'. மெதுவாக நகர்கிற பாட்டு, குரலுக்குக் காது பழகும். அடுத்து, உனாஸ் பாடலின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாவது. கடைசி நான்கும் ஒரே தொடர், தலைப்புப் பாடலின் நான்கு பாகங்கள். அவற்றைப் பிரிக்காமல் ஒரே மூச்சில் கேளுங்கள். பிடித்துப்போனால் 2005-இல் வந்த 'அனைஹிலேஷன் ஆஃப் தி விக்கெட்' ஆல்பத்துக்குப் போகலாம். அதில்தான் கிரேக்க டிரம்மர் ஜார்ஜ் கோலியாஸ் இவர்களோடு முதன்முதலாக வாசித்தார். எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸைப் பற்றிய 'உசெர்-மாத்-ரே' அங்கே இருக்கிறது, அதுவும் நீளமான பாட்டுதான்.