பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கம்பியா, அலைனரா?

கேள்வி: திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன் டாக்டர். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மேல்வரிசைப் பல் தூக்கலாக இருக்கிறது. வலது பக்கம் சிங்கப்பல் ஒன்று ஈறின் மேலே ஏறி நிற்கிறது. மதுரையில் ஒரு இடத்தில் கம்பி போடலாம், 45 ஆயிரம் ஆகும், இரண்டு மேல் பல்லை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில், கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் போட்டால் வெளியே தெரியாது, பல் எதையும் எடுக்க வேண்டாம், ஒன்றரை லட்சம் என்றார்கள். பள்ளியில் கிண்டல் செய்வார்கள் என்று பயந்து மகள் அலைனர்தான் கேட்கிறாள். கபடி அணியில் வேறு இருக்கிறாள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். கடன் வாங்கியாவது அலைனர் போட்டுவிடலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளுக்குக் கம்பிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். வாயைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏன் அப்படி நினைக்கிறேன் என்று விளக்கினால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கம்பியா அலைனரா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. தூக்கலாக இருப்பது பல்லா, தாடையா? மேல் பல் முன்னால் தள்ளி நிற்கிற பிள்ளைகள் பலருக்கு, உண்மையில் கீழ்த்தாடைதான் வளர்ச்சியில் பின்தங்கியிருக்கும். வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். மகளைப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, கீழ்த்தாடையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து உதட்டை மூடச் சொல்லுங்கள். அப்போது முகம் எடுப்பாகத் தெரிந்தால், குறை கீழ்த்தாடையில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ட்வின் பிளாக் போன்ற கருவியைச் சில மாதங்கள் போட்டு, தாடையை முன்னால் வைத்துப் பழக்கி, அதன் பிறகு பல்லை வரிசைப்படுத்தலாம். இதற்கு வளரும் வயது வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு உடல் வேகமாக வளர்கிற காலம் பெரும்பாலும் வயதுக்கு வருவதற்குச் சற்று முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதனால்தான் நாங்கள் அம்மாக்களைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை பெரியவளாகிவிட்டாளா, எப்போது என்று கேட்கிறோம். சங்கடப்படாமல் சொல்லுங்கள், சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். தூங்கும்போது வாயைத் திறந்து மூச்சு விடுகிறாளா, குறட்டை உண்டா, சிறு வயதில் விரல் சூப்பினாளா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாடையா பல்லா என்பதை முடிவு செய்ய இரண்டு எக்ஸ்ரே போதும். எல்லாப் பல்லும் ஒரே படத்தில் தெரிகிற ஓபிஜி ஒன்று, பக்கவாட்டு முகத்தைக் காட்டும் செஃபலோகிராம் ஒன்று. இவற்றைப் பார்க்காமல் 'பல் எடுக்க வேண்டும்' என்று சொன்னாலும் 'எடுக்க வேண்டாம்' என்று சொன்னாலும் இரண்டையும் நம்பாதீர்கள். இரண்டு இடங்களில் உங்களுக்கு இரண்டு பதில் கிடைத்ததற்குக் கருவி காரணம் இல்லை. பல் எடுப்பதா வேண்டாமா என்பது வாயில் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. அலைனர் போட்டால் இடம் தானாக முளைத்துவிடாது.

மாமியாரின் பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தப் பயத்தை மதுரைப் பக்கம் நான் வாரம் தவறாமல் கேட்கிறேன், பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். மேல் பற்களுக்குப் போகும் நரம்பு, முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பின் ஒரு கிளை. பார்வை நரம்பு அதிலிருந்து முற்றிலும் வேறானது, கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல்லை எடுப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. எடுப்பதும் முன்பல்லை இல்லை, சிங்கப்பல்லுக்கு அடுத்துள்ள முன்கடைவாய்ப் பல்லைத்தான். அந்த இடைவெளிக்குள் மற்ற பற்கள் வந்துவிடும்.

சரி, இப்போது கருவிக்கு வருகிறேன்.

பல் எலும்புக்குள் அசைவது மெதுவான வேலை. ஒரு பக்கம் லேசாக அழுத்தம் கொடுத்தால், அழுந்துகிற பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பின்பக்கம் புது எலும்பு நிரம்புகிறது. கம்பியாக இருந்தாலும் அலைனராக இருந்தாலும் நடப்பது இதுதான். வேறுபாடு, பல்லை எப்படிப் பிடிக்கிறது என்பதில். கம்பி முறையில் ஒவ்வொரு பல்லிலும், கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட் என்ற சின்னக் கொக்கியை ஒட்டிவிடுகிறோம். அதன் வழியாக முதலில் நிக்கல்-டைட்டானியம் கம்பி போகும். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் உருவான உலோகம் அது, 1970-களில் பல் சிகிச்சைக்கு வந்தது. எவ்வளவு வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். மேலே ஏறி நிற்கும் சிங்கப்பல்லில் அதைக் கட்டினால், திரும்புகிற போக்கில் பல்லையும் மெல்லக் கீழே இழுத்து வரும்.

அலைனர் என்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. இன்விசலைன் என்ற அலைனரைத் தயாரிக்கும் நிறுவனம் 1997-இல் தொடங்கியதிலிருந்து பரவிய முறை இது. பல்லின் வடிவத்தைக் கணினியில் எடுத்து, ஒவ்வொரு உறையிலும் கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பல் நகரும்படி வரிசையாகச் செய்கிறார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். பல்லைச் சாய்க்கவும், சின்ன நெரிசலையும் இடைவெளியையும் சரிசெய்யவும் இது நன்றாகவே உதவும். ஆனால் ஏறி நிற்கும் பல்லைக் கீழே இழுப்பதும், உருண்டையான பல்லைத் திருப்புவதும், பல் எடுத்த இடைவெளியை வேரோடு நகர்த்தி மூடுவதும் இதற்குக் கஷ்டம். வழுவழுப்பான உறை, வழுவழுப்பான பல்லின் மேல் நழுவிவிடும். அதற்காகப் பல்லில் பல்நிறத்திலேயே சின்னச் சின்ன முண்டுகளை ஒட்டுவார்கள். அவை பக்கத்தில் வந்தால் தெரியும். 'வெளியே தெரியவே தெரியாது' என்று மகளிடம் சொல்லியிருந்தால் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள், பின்னால் ஏமாந்துபோவாள்.

இன்னொன்று, 12 வயதில் வாய் இன்னும் முழுமையாகவில்லை. இரண்டாவது கடைவாய்ப் பல் இப்போதுதான் முளைக்கும், சிங்கப்பல்லும் 11, 12-இல் இறங்குவதுதான். முளைத்துக்கொண்டிருக்கும் பல்லுக்கு உறை செய்தால், ஒரு மாதத்தில் பல் வளர்ந்து உறை பொருந்தாமல் போகலாம். சிறுவர்களுக்கான அலைனர்களில் அதற்கு இடம் விட்டுச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மறுபடி அளவெடுப்பதும் காத்திருப்பதும் கூடும்.

இதையெல்லாம் விட நான் முக்கியமாக நினைப்பது மணிக்கணக்கு. அலைனரை ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடவும் பல் தேய்க்கவும் மிஞ்சுவது இரண்டே மணி நேரம். உங்கள் மகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லி, பள்ளியில் இடைவேளை, மதியச் சாப்பாடு, சாயங்காலம் டீயும் வடையும், இரவு தோசை. ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, வாய் கொப்பளித்து, முடிந்தால் பல் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். கபடிக்குக் கழற்றி வைத்தால் அது தனிக் கணக்கு. 22 என்பது 16 ஆகிவிட்டால் பல் நகராது, அடுத்த உறை உள்ளே போகாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் பரோட்டாக் கடையில் உறையைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தான். இலையோடு அதுவும் போய்விட்டது. இன்னொரு பிள்ளை சித்திரை மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியோடு விட்டுவிட்டாள், உறை வளைந்துவிட்டது. இருவருமே நல்ல பிள்ளைகள்தான். அந்த வயது அப்படி.

அதே வயதில், 14 மாதம் ஒரு நாள் தவறாமல் போட்டு முடித்த ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும். அவளுக்கு இருந்தது முன்பல்லில் லேசான இடைவெளி மட்டும். நிரந்தரப் பற்கள் எல்லாம் முளைத்திருந்தன. அவளுக்கு அலைனரை நானே சொன்னேன். உங்கள் மகள் இந்த வருடம் எத்தனை தண்ணீர் பாட்டில், எத்தனை ஜாமெட்ரி பாக்ஸ் தொலைத்தாள் என்று யோசியுங்கள். அந்த எண்ணிக்கை எனக்கு நிறையச் சொல்லும்.

கம்பியில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்ட முதல் மூன்று நான்கு நாள் பல் கூசும், வலிக்கும். தயிர் சாதம், இடியாப்பம், குழைந்த பொங்கல் என்று ஓட்ட வேண்டும். தேவைப்பட்டால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால். கன்னத்தில் உரசிப் புண் வந்தால், நாங்கள் தரும் மெழுகை அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். கரும்பைப் பல்லால் சீவுவது, முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், எலும்பு கடிப்பது, கொய்யாவை முழுதாகக் கடிப்பது எல்லாம் சிகிச்சை முடியும்வரை நிறுத்த வேண்டும். பிராக்கெட் கழன்றால் சிகிச்சை நீளும். கொய்யாவையும் மாங்காயையும் மெல்லியதாக நறுக்கிக் கொடுங்கள்.

ஆனால் கம்பியால் வரும் பெரிய கேடு சுத்தக் குறைவுதான். பிராக்கெட்டைச் சுற்றி உணவு தங்கினால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும். கம்பியைக் கழற்றிய பிறகும் அது எளிதில் போகாது. இரண்டு வேளையும் ஃபுளோரைடு பேஸ்ட்டால் ஈறு ஓரத்தையும் பிராக்கெட்டின் மேலும் கீழும் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழையும் சின்னப் பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அலைனரில் சுத்தம் செய்வது எளிது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உறையோடு ஜிகர்தண்டா குடித்தால் சர்க்கரைப் பால் உறைக்கும் பல்லுக்கும் நடுவில் தேங்கி நிற்கும், எச்சிலால் கழுவப்படாது. உறை போட்டிருக்கும்போது தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கக் கூடாது.

மகளின் வெட்கத்தைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அந்த வயதில் அது பெரிய பாரம். பல்நிறச் செராமிக் பிராக்கெட் உண்டு, விலை உலோகத்துக்கும் அலைனருக்கும் நடுவில் இருக்கும். ஆனால் அதைக் கட்டும் நிறமற்ற ரப்பர் வளையம் நம் குழம்பின் மஞ்சளில் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிடும். பிராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது, மாதா மாதம் வளையத்தை மாற்றும்போது சரியாகும். அதனால் பல பிள்ளைகள் நீலம், ஊதா என்று வண்ண வளையத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மகளையும் கூட்டிப்போய், பேச்சை அவளிடம் நடத்தச் சொல்லுங்கள். தானே தேர்ந்தெடுத்ததைப் பிள்ளை பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும்.

கபடிக்கு, கம்பி போட்டவர்களுக்கென்று இடம் விட்டுச் செய்த மவுத்கார்டு, அதாவது விளையாடும்போது பல்லைக் காக்கும் உறை, கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இடியில் உதடு கிழியும். இந்த ஒரு விஷயத்தில் அலைனர்தான் மேல், கழற்றிவிட்டு எந்த மவுத்கார்டும் போடலாம். ஆனால் பல் இப்படித் தூக்கலாக இருக்கையில் எதுவும் போடாமல் ஆடுவதும் ஆபத்துதான், விழுந்தால் முதலில் உடைவது அந்த முன்பற்கள். சிகிச்சை தொடங்கும்வரையும் மவுத்கார்டு போடச் சொல்லுங்கள். இன்னொரு சின்னக் கேள்வி: கவரிங் தோடு போட்டால் காதில் அரிப்பு வருமா? வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். வாய்க்குள் அது தொல்லை தருவது அபூர்வம், இருந்தாலும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பணம் பற்றி: 45 ஆயிரத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே, உடைந்த பிராக்கெட், நேரான பல் திரும்பிப் போகாமல் பிடித்துவைக்கக் கடைசியில் போடும் ரிடெய்னர் எல்லாம் சேர்த்தா? மொத்தச் சிகிச்சை ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகலாம். மாதம் ஒருமுறை வர வேண்டும், பெரும்பாலும் தவணையாகக் கட்டலாம். சிகிச்சை செய்பவர் ஆர்த்தடான்டிக்ஸ் என்ற பல் சீரமைப்புத் துறையில் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு முடித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். மதுரையிலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. அங்கே செலவு குறையும். வீட்டுக்கே பெட்டி அனுப்பி, டாக்டர் வாயைப் பார்க்காமலேயே அலைனர் தரும் திட்டங்களுக்கு மட்டும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் என்ற நிறுவனம் அப்படித்தான் நடந்தது. 2023 டிசம்பரில் அதை மூடியபோது, பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

எதைப் போட்டாலும் முடிந்த பிறகு ரிடெய்னர் உண்டு. முதலில் முழு நேரமும், அப்புறம் இரவில் மட்டும், பல வருடங்கள். பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரண்டு வருட உழைப்பை ஆறு மாத அலட்சியத்தில் இழந்தவர்கள் மறுபடி வந்து உட்காரும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

இந்த மாதமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், தாடை விஷயம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கம்பி என்று முடிவானால் காலாண்டு விடுமுறையின் முதல் நாளில் போட்டுக்கொள்ளுங்கள். கூச்சமும் வலியும் இருக்கும் அந்த நாலு நாளை அவள் வீட்டிலேயே கழித்துவிடுவாள்.