தோற்றாலும் பரவாயில்லை என்று அரசு ஒதுக்கும் ஆய்வுப் பணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரை நோய்க்கும் குடல் நோய்க்கும் மருந்து கண்டுபிடிக்கப் பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. தோற்றுப்போக வாய்ப்புள்ள ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசு ஏன் மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: எந்த நோய்க்கு உதவும் என்றே தெரியாத கட்டத்தில் கம்பெனி எதுவும் பணம் போடாது ஐயா. அரிசோனா பாலைவனத்தில் வாழும் ஹீலா என்ற நச்சுப் பல்லியைப் பாருங்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களை என்.ஐ.எச். என்பார்கள். அங்கே செரிமான நோய் ஆய்வகத்தில் ழான்-பியர் ராஃப்மனும் சக ஆய்வாளர்களும் 1980களின் தொடக்கத்தில் அந்தப் பல்லியின் விஷத்தைக் கினிப்பன்றியின் கணையச் செல்கள்மேல் விட்டுப் பார்த்தார்கள். செல்கள் நொதியைச் சுரந்தன. இதில் மருந்து இருக்கிறது என்று அன்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பிறகு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில், ஜான் எங் அந்த விஷத்திலிருந்து 39 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானக் கற்கள்) கொண்ட எக்செண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டார். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது இன்சுலினைத் தூண்டும். ஆனால் ரத்தத்தில் உள்ள டிபிபி-4 என்ற நொதி இரண்டே நிமிடங்களில் அதில் பாதியை வெட்டி வீழ்த்திவிடும். வெட்டு விழும் இடத்தில், அதாவது இரண்டாவது அமினோ அமிலமாக, நம் ஹார்மோனில் இருப்பது அலனின். அதே வேலையைச் செய்யும் பல்லியின் பொருளில் இருப்பது கிளைசின். அந்த ஒரு மாற்றத்தால் அது நொதிக்கு எளிதில் சிக்குவதில்லை, மணிக்கணக்கில் நிற்கிறது.

அரசுத் துறை காப்புரிமை எடுக்க முன்வராததால் எங் தாமே எடுத்தார். 1996இல் ஆமிலின் கம்பெனி உரிமம் பெற்றது. 2005 ஏப்ரலில் அதிலிருந்து உருவான ‘பயெட்டா’ என்ற சர்க்கரை நோய் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. முதல் சோதனையிலிருந்து கணக்கிட்டால் 20 ஆண்டுகளுக்கு மேல். கம்பெனி உள்ளே வந்தது பின்பாதியில்தான். முன்பாதியைத் தாங்கியது பொதுப்பணம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இன்று பேசப்படும் ஓசெம்பிக் ஊசி, பல்லி விஷத்திலிருந்து வந்ததாகப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதிலுள்ள செமாக்ளூடைடு, மனித ஜிஎல்பி-1ஐயே திருத்தி அமைத்த மூலக்கூறு.

கேள்வி: ஆய்வுப் பணிக்காக அமெரிக்கா செல்ல இருக்கிறேன். கல்லீரல் கொழுப்பு நோய் பற்றி வழக்கத்துக்கு மாறான ஒரு யோசனை இருக்கிறது. எந்த நிதிக்கு முயலலாம்?
— முனைவர் பட்ட மாணவி, கோவை

பதில்: உங்கள் துறைக்கு உரியது, என்.ஐ.எச்.சின் கீழ் இயங்கும் என்.ஐ.டி.டி.கே. என்ற நிறுவனம். நீரிழிவு, செரிமானம், சிறுநீரகம் ஆகிய மூன்றும் அதன் பொறுப்பு. 1950இல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம். ஆர்01 என்ற வழக்கமான ஆய்வு நிதிக்கு ஆய்வுத் திட்டத்தை 12 பக்கங்களில் எழுத வேண்டும். முன்னோட்ட முடிவுகள் இல்லாமல் தேறுவது மிகக் கடினம். ஆர்21 என்ற சிறிய நிதிக்கு 6 பக்கங்கள், முன்னோட்ட முடிவு கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2,75,000 டாலர், ஒரே ஆண்டில் 2,00,000க்கு மேல் கேட்கக்கூடாது. ஒவ்வோர் ஆர்21 அறிவிப்பிலும் என்.ஐ.எச்.சின் எல்லா நிறுவனங்களும் சேர்வதில்லை. என்.ஐ.டி.டி.கே. சேர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

பெரிய துணிச்சலுக்கென்றே என்.ஐ.எச்.சில் தனித் திட்டங்கள் உண்டு. 2004இல் தொடங்கிய பயனியர் விருதில் 5 பக்கக் கட்டுரை, ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் வரை ஐந்து ஆண்டுகள்; முதல் மூன்று ஆண்டுகள் உங்கள் ஆய்வு உழைப்பில் 51 சதவீதத்தை அதற்கே தர வேண்டும். நியூ இன்னோவேட்டர் விருதில் 10 பக்கம், ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 15 லட்சம் டாலர் வரை. இவை நேரடிச் செலவுக்கான தொகைகள். பல்கலைக்கழகத்தின் மேல்செலவு தனியே சேரும். என்.ஐ.டி.டி.கே.யும் தன் துறைக்கென்று ‘கேட்டலிஸ்ட்’ என்ற பெயரில் பயனியர் பாணி விருதை அறிவித்ததுண்டு.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. நியூ இன்னோவேட்டருக்குப் பட்டம் அல்லது மருத்துவப் பயிற்சி முடித்துப் பத்து ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், ஆர்01 போன்ற பெரிய நிதி அதற்குமுன் கிடைத்திருக்கவும் கூடாது. ஆர்21 வாங்கியிருந்தால் தடையில்லை. எனவே எதற்கு முதலில் விண்ணப்பிக்கிறோம் என்ற வரிசை முக்கியம். குடியுரிமை கேட்பதில்லை, ஆனால் அமெரிக்க நிறுவனத்தில் பணியில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: இத்தகைய விண்ணப்பங்கள் பெரும்பாலும் எங்கே விழுகின்றன?
— உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்த ஆர்01 விண்ணப்பத்தைச் சுருக்கி அனுப்புவதில்தான். பயனியர் கட்டுரையில் படிப்படியான சோதனைத் திட்டத்தை யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வி ஏன் பெரியது, இதுவரை செய்ததிலிருந்து இது எப்படி விலகுகிறது, இதைச் செய்ய நீங்கள் ஏன் பொருத்தமானவர் ஆகிய மூன்றுக்கும்தான் அந்த 5 பக்கம். முதல் ஆண்டுக்குள்ளேயே யோசனை பொய்யா என்று காட்டிவிடும் ஒரு சோதனையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பொய்த்தாலும் துறைக்கு என்ன தெரியவரும் என்று ஒரு பத்தி வேண்டும். பொய்க்காது என்று சாதிப்பவரைவிட இதை எழுதுபவரை நம்பலாம்.

அடுத்த இடம் எலிச் சோதனை. வளர்சிதை மாற்ற ஆய்வில் மிகுந்த பணம் வீணாவது இங்கேதான். சுண்டெலிகள் ஒன்றின் கழிவை ஒன்று தின்னும். ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடல் நுண்ணுயிர்கள் ஒன்றுபோல் ஆகிவிடும். நான்கு கூண்டுகளில் 20 எலி வைத்து ‘20 மாதிரிகள்’ என்று எழுதினால், குடல் நுண்ணுயிர் ஆய்வில் விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அதை நான்காகவே எண்ணுவார். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு எலி மட்டும் வைத்து, கூண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

வெப்பநிலையையும் கவனியுங்கள். ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் 22 டிகிரி நமக்குச் சுகம், எலிக்குக் குளிர். அதற்கு இதமானது 30 டிகிரியை ஒட்டிய சூடு. குளிரில் அது உண்டதில் கணிசமான பகுதியை உடல்சூட்டுக்கே எரிக்கிறது. பழுப்புக் கொழுப்பில் உடல்சூட்டை உண்டாக்கும் யுசிபி1 என்ற புரதத்தை நீக்கிய எலிகள் வழக்கமான அறையில் பருக்கவில்லை, 30 டிகிரியில் வைத்தபோதுதான் பருத்தன. உடல்பருமன் மருந்தை 22 டிகிரியில் மட்டும் சோதித்தால் முடிவு தலைகீழாகவும் போகலாம்.

கேள்வி: இந்தியாவில் இதுபோன்ற நிதி உண்டா?
— மருத்துவர், நாகர்கோவில்

பதில்: உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2024இல் ‘ஃபர்ஸ்ட் இன் தி வேர்ல்ட் சேலஞ்ச்’ என்று ஒன்றை அறிவித்தது; உலகில் வேறெங்கும் செய்யாத யோசனைக்கு மட்டும். இருப்பதைச் சற்றே மேம்படுத்தும் திட்டத்துக்கு அங்கே இடமில்லை. யோசனை ஒரு கருவியாகவோ பரிசோதனை முறையாகவோ உருவாகக்கூடியது என்றால் உயிரித் தொழில்நுட்ப ஆய்வுக்கு நிதி தரும் மத்திய அரசு அமைப்பான பைராக்கின் ‘பிக்’ நிதி பொருந்தும்: 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். அந்தப் பதினெட்டு மாதங்களில் நெறிமுறைக் குழு அனுமதிக்கே சில மாதங்கள் போய்விடும். நோயாளிகளின் ரத்தமோ மலமோ தேவைப்படும் திட்டம் என்றால், நிதி முடிவு வரும்வரை காத்திராமல் அந்த மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.